வேலூருக்கு வரும் ஆடிட், ஜெனீவாவுக்கும் போகிறது: சர்வதேச அமைப்புகளின் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அமெரிக்கா 2025 ஜனவரி 20 அன்று அறிவித்தது. 2026-27ஆம் ஆண்டுகளுக்கு 530 கோடி டாலர் என்று போட்டு வைத்திருந்த பட்ஜெட் வரைவை அந்த நிறுவனம் 420 கோடியாக வெட்டியது. மருத்துவமனையைச் சுற்றியே பாதிப் பிழைப்பு நடக்கும் வேலூரில் இந்தச் செய்தி மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பேசப்படுகிறது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் கணக்குக் கேட்பது யார்? நம் அரசும்தான் வருடா வருடம் சந்தா கட்டுகிறது, நம் ஆடிட்டர் போய்ப் பார்க்க முடியுமா?

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். 2020 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வெளித் தணிக்கையாளர், சி.ஏ.ஜி. என்று நாம் சொல்லும் இந்தியக் கணக்கு, தணிக்கைத் துறைத் தலைவர். 2023 மே மாதம் உலக சுகாதாரப் பேரவையில் நடந்த தேர்தலில் முதல் சுற்றிலேயே 156 வாக்குகளில் 114 பெற்று, 2024 முதல் 2027 வரைக்கும் அவரே தேர்வானார். வேலூர் மாவட்டத்து அரசு அலுவலகங்களில் 'ஏ.ஜி. ஆடிட் வந்திருக்கிறது' என்று பீரோவைத் திறந்து வவுச்சர் கட்டுகளை எடுத்துப் போடுகிறார்களே, அந்தத் துறையிலிருந்துதான் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவுக்கும் குழு போகிறது. ஆனால் அங்கே அவர்கள் இந்தியாவின் ஆளாகப் போவதில்லை. குழப்பம் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

நேராகப் போய்க் கேட்க முடியாதது ஏன்

ஓர் ஊராட்சியின் கணக்கில் சந்தேகம் வந்தால் உள்ளாட்சி நிதித் தணிக்கை உண்டு, கிராம சபை உண்டு, அதற்கும் மேலே லஞ்ச ஒழிப்புத் துறையும் நீதிமன்றமும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் அங்கமாக உள்ள ஐ.நா. குடும்பத்துக்கு இதில் எதுவும் பொருந்தாது. 1946இல் ஏற்கப்பட்ட சலுகைகள், விலக்குரிமைகள் பற்றிய உடன்படிக்கையின்படி ஐ.நா. மீது எந்த நாட்டு நீதிமன்றத்திலும் வழக்கு நடத்த முடியாது, அதுவாக ஒப்புக்கொண்டால் தவிர. அதன் அலுவலகத்துக்குள் சோதனை போட முடியாது, ஆவணங்களைக் கைப்பற்ற முடியாது. இந்தியா இதற்காக 1947இலேயே தனிச் சட்டம் போட்டது.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அலுவலகம் இருக்கும் நாடெல்லாம் ரெய்டு வரலாம் என்றால் எந்த அமைப்பும் சுதந்திரமாக வேலை பார்க்க முடியாது. ஆனால் அதற்கு விலை, போலீசும் கோர்ட்டும் வர முடியாத வீட்டில் தணிக்கை ஒன்றுதான் மிஞ்சுகிறது.

அந்தத் தணிக்கைக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒற்றைத் தணிக்கைக் கொள்கை என்பார்கள். உறுப்பு நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு வெளித் தணிக்கையாளரை நியமிக்கும். அவர் ஒருவர்தான் பார்ப்பார். பணம் கொடுத்த ஒவ்வொரு நாடும் தன் ஆடிட்டரைத் தனித்தனியாக அனுப்ப முடியாது. 190க்கும் மேற்பட்ட நாடுகள் ஆளுக்கொரு குழு அனுப்பினால் அலுவலகத்தில் பதில் எழுதுவதைத் தவிர வேறு வேலை நடக்காது என்பது இதற்கான நியாயம். நியாயம் சரிதான். ஆனால் அந்த ஒருவர் எழுதுவது எந்த மேசைக்குப் போகிறது என்பது அதனாலேயே பெரிய கேள்வியாகிவிடுகிறது.

ஆற்காட்டு நவாபின் கடன் பத்திரங்கள்

உரிமையாளர்கள் ஒரு கண்டத்தில், பணம் இன்னொரு கண்டத்தில், நடுவில் கணக்குக் கேட்க ஆளில்லை என்றால் என்ன ஆகும் என்பதை வட ஆற்காட்டுக்காரர்களுக்கு வெளியூர் உதாரணம் வைத்து விளக்க வேண்டியதில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, வாலாஜாபேட்டைக்குப் பெயர் தந்தவர், கடன்மேல் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர்களில் பலர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சொந்த ஊழியர்கள். கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டே தங்கள் கணக்கில் வட்டிக்கு விட்டார்கள். ஈடாக எழுதிக் கொடுக்கப்பட்டது நம் ஊர்களின் நிலவரி.

1784இல், கம்பெனியைக் கண்காணிக்க லண்டனில் அரசு வைத்திருந்த கட்டுப்பாட்டு வாரியம், எந்தக் கடன் உண்மை, எது போலி என்று விசாரிக்காமலே, கர்நாடகம் என்று அன்று சொல்லப்பட்ட நவாபின் ஆட்சிப் பகுதி வருவாயிலிருந்து அடைக்கச் சொல்லி உத்தரவிட்டது. மறு ஆண்டு பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இதைக் கிழித்துத் தொங்கவிட்டார். பயனில்லை. விசாரிக்காமல் ஒருமுறை பணம் கொடுத்தால் அடுத்து நடப்பதுதான் இங்கேயும் நடந்தது, புதுப் பத்திரங்கள் குவிந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆணையர்களை உட்கார வைத்து ஒவ்வொரு பத்திரமாகப் பார்த்தபோது, கோரப்பட்ட மொத்தம் 3 கோடி பவுண்டைத் தாண்டியது. செல்லும் என்று ஏற்கப்பட்டது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

தணிக்கை தாமதமாக வந்தாலும் பலன் தரும் என்று இந்தக் கதையைப் படிக்கலாம். வரி கட்டிய குடியானவன் அப்படிப் படிக்க மாட்டான்.

ஐ.நா. குடும்பத்தில் யார் யார் பார்க்கிறார்கள்

அடுக்கடுக்காக அமைப்புகள் இருப்பதால் பெயர்களில் மாட்டிக்கொள்வது எளிது. ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வியால் பிரிக்கலாம்: நியமிப்பது யார், அறிக்கை போவது யாரிடம்?

1. தணிக்கையாளர் வாரியம். ஐ.நா. பொதுச் சபை 1946 டிசம்பரில் உருவாக்கியது. மூன்று நாடுகளின் தலைமைத் தணிக்கையாளர்கள் உறுப்பினர்கள், ஒவ்வொருவருக்கும் ஆறு ஆண்டு. இந்தியா 1993 முதல் 1999 வரையும், 2014 முதல் 2020 வரையும் இதில் இருந்தது. அறிக்கை நேராகப் பொதுச் சபைக்குப் போகும். இதுதான் உண்மையான வெளித் தணிக்கை.

2. சிறப்பு முகமைகளின் வெளித் தணிக்கையாளர்கள். உலக சுகாதார நிறுவனம், உணவு வேளாண்மை நிறுவனம், தொழிலாளர் நிறுவனம் போன்றவற்றுக்குத் தனித்தனி ஆட்சிமன்றம், தனித்தனித் தேர்தல். நாடுகள் போட்டியிடும், கட்டணம் எவ்வளவு என்றும் சொல்லும். பிறகு ஓட்டெடுப்பு. ஏறத்தாழ டெண்டரும் தேர்தலும் கலந்த ஏற்பாடு.

3. உள் மேற்பார்வை அலுவலகம். 1994இல் வந்தது. உள் தணிக்கை, விசாரணை, மதிப்பீடு மூன்றும் இதன் வேலை. தலைவருக்கு ஐந்தே ஆண்டு, நீட்டிப்பு கிடையாது. பதவி நீட்டிப்புக்காக யாருக்கும் வளைய வேண்டாம் என்பதற்காக அப்படி வைத்தார்கள். இருந்தாலும் இது வீட்டுக்குள் இருக்கும் கண். சம்பளமும் ஆட்களும் அதே வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

4. கூட்டு ஆய்வுப் பிரிவு. ஜெனீவாவில் 11 ஆய்வாளர்கள். ஒரு முகமையின் வவுச்சரைப் பார்க்க மாட்டார்கள். பல முகமைகளுக்குப் பொதுவான நிர்வாகப் பழக்கங்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

5. தணிக்கை ஆலோசனைக் குழு. ஐந்து பேர். தணிக்கை செய்ய மாட்டார்கள். தணிக்கை ஒழுங்காக நடக்கிறதா, சொன்னது கேட்கப்பட்டதா என்று பார்த்துப் பொதுச் சபைக்குச் சொல்வார்கள்.

உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் வேறு வழியில் போகின்றன. அங்கே கணக்கைச் சான்றளிப்பது தனியார் தணிக்கை நிறுவனங்கள். கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டும் வங்கிக்கு, சந்தை நம்பும் கையெழுத்து தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தணிக்கை நடக்கும் விதம்

நம் அலுவலகங்களில் 'ஹாஃப் மார்ஜின்' என்று ஒரு தாள் உண்டு. ஒரு பாதியில் தணிக்கையர் கேள்வி எழுதுவார், மறு பாதியில் அலுவலகம் பதில் எழுத வேண்டும். பதில் திருப்தி என்றால் அதோடு முடிந்தது. இல்லாவிட்டால் அது பாராவாக மாறும், பாரா தணிக்கைத் தடையாக ஆண்டுக்கணக்கில் நிற்கும், ஓய்வு பெறுபவரின் பணப் பலனைக்கூடப் பிடித்து வைக்கும். ஜெனீவாவில் தாளின் பெயர் வேறு, முறை கிட்டத்தட்ட இதுதான். குழு வரும், கேள்விக் குறிப்பு கொடுக்கும், நிர்வாகம் பதில் தரும், கடைசியில் உட்கார்ந்து பேசுவார்கள், பிறகு அறிக்கை.

வித்தியாசம் அறிக்கைக்குப் பிறகு. சி.ஏ.ஜி.யின் அறிக்கை இந்தியாவில் நாடாளுமன்றத்துக்குப் போய், அங்கிருந்து பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். 1967 முதல் அந்தக் குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினர் தலைவராக இருப்பது மரபு. ஐ.நா.வில் அறிக்கை நிர்வாக, பட்ஜெட் ஆலோசனைக் குழு வழியாக, பொதுச் சபையில் பண விவகாரம் பார்க்கும் 'ஐந்தாவது குழு'வுக்குப் போகும். அதில் எல்லா நாடுகளும் உண்டு, எதிர்க்கட்சி என்று ஒன்று கிடையாது. முடிவுகளைப் பெரும்பாலும் எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் எடுப்பார்கள். அதனால் காரமான ஒரு பாரா, தீர்மானமாக வெளியே வரும்போது 'கவலையுடன் குறித்துக்கொள்கிறது' என்று நீர்த்துப்போவது வாடிக்கை.

பணக் கணக்கும் பலன் கணக்கும்

தணிக்கை என்றாலே ரசீது சரிபார்ப்பு என்று நினைக்கிறோம். மூன்று தனித்தனிக் கேள்விகள் அதற்குள் இருக்கின்றன.

முதலாவது, கணக்கு உண்மை நிலையைக் காட்டுகிறதா? இது நிதித் தணிக்கை. பணமாக வராத வரவும் இதில் அடங்கும். கரிகிரி தொழுநோய் மருத்துவமனை 1955 முதல் இயங்கும் பகுதி இது என்பதால் தொழுநோய் மாத்திரை அட்டை நமக்குப் பழக்கமானது. அந்தக் கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் 1995 முதல் உலகம் முழுவதும் இலவசமாகத் தருகிறது. 2000 முதல் மருந்தை நன்கொடையாகக் கொடுப்பது நோவார்ட்டிஸ் என்ற மருந்து கம்பெனி. உலக சுகாதார நிறுவனத்தின் கையில் ஒரு டாலர்கூட வரவில்லை. ஆனால் மாத்திரைக்கு மதிப்புப் போட்டு வரவில் ஏற்ற வேண்டும், கொடுக்கும்போது செலவில் ஏற்ற வேண்டும், கிடங்கில் இருப்பதைக் கையிருப்பாகக் காட்ட வேண்டும். ஐ.நா. அமைப்புகள் பின்பற்றும் பொதுத்துறைக் கணக்குத் தரநிலை அப்படித்தான் கேட்கிறது. காலாவதியான அட்டைகள் கையிருப்பில் இருந்தால் தணிக்கையருக்கு அன்று நல்ல வேட்டை.

இரண்டாவது, விதிப்படி நடந்ததா? கொள்முதல், ஆள் எடுப்பு, பயணப்படி எல்லாம் இதில் வரும். உலக சுகாதார நிறுவனம் சில பணிகளுக்கு அரசுகளிடமே பணத்தைக் கொடுத்துவிடும். வேலை முடிந்ததும் அரசு செலவு அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த அறிக்கைகள் கெடு தாண்டியும் வராமல் கிடப்பது தணிக்கைகளில் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்த புகார். திட்டப் பணம் வாங்கிவிட்டு, செலவழித்ததற்கான சான்றான யூ.சி.யை அனுப்பாமல் இழுத்தடிக்கும் அலுவலகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

மூன்றாவதுதான் கடினம்: செலவழித்ததற்குப் பலன் கிடைத்ததா? இது செயல்திறன் தணிக்கை. இங்கே பாலாற்றை வைத்துப் பார்ப்போம். தோல் பதனிடும் தொழிலின் கழிவைக் குறைக்க, ஐ.நா. தொழில் வளர்ச்சி நிறுவனம் 1990களில் தென்கிழக்கு ஆசியாவுக்கான ஒரு திட்டத்தைச் சென்னையில் அலுவலகம் வைத்து நடத்தியது. நம் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் செயல்விளக்கங்கள் நடந்தன. இப்படி ஒரு திட்டத்தில் வாங்கிய பம்ப்புக்கு ரசீது இருக்கிறதா என்பது முதல் கேள்வி. மூன்று விலைப்புள்ளி வாங்கினார்களா என்பது இரண்டாவது. ஆற்றோரக் கிணற்று நீர் மாறியதா என்பது மூன்றாவது. அந்த மூன்றாவது கேள்விக்கு எந்த வவுச்சரிலும் பதில் இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது; அதே பாலாற்று மாசுக்காக 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் உத்தரவுகள் போட வேண்டியிருந்தது. ஒரு முகமையின் தவறு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. தொழிற்சாலை, மாநில அரசு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று பல கைகள் உள்ள விஷயத்தில் ஒரு கையின் பலனை மட்டும் அளப்பது எவ்வளவு சிக்கல் என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன். செயல்திறன் அறிக்கைகளில் 'பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை' நிறைய இருப்பதும், நீரின் தரம் பற்றிய எண்கள் குறைவாக இருப்பதும் இதனால்தான். எண்ண முடிந்ததை எண்ணிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

58 அறிக்கைகள், படிக்க ஆளில்லை

ஈராக்கின் மீது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், எண்ணெய் விற்ற பணத்தில் உணவும் மருந்தும் வாங்க ஐ.நா. மேற்பார்வையில் 1996 முதல் 2003 வரை ஒரு திட்டம் நடந்தது. விற்ற எண்ணெயின் மதிப்பு சுமார் 6,400 கோடி டாலர். பால் வோல்க்கர் தலைமையிலான விசாரணைக் குழு 2005 அக்டோபரில் கொடுத்த இறுதி அறிக்கை, 2,200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சதாம் அரசுக்குக் கள்ளத்தனமாகப் பணம் கொடுத்ததாகவும், தொகை 180 கோடி டாலர் என்றும் சொன்னது. இந்தியாவில் அன்றைய வெளியுறவு அமைச்சர் நட்வர் சிங்கின் பதவி போனது இந்த அறிக்கையில் பெயர் வந்ததால்தான். நமக்கு அது மட்டும் நினைவில் இருக்கிறது.

தணிக்கை பற்றிய பாடம் வேறு இடத்தில் இருக்கிறது. திட்டம் நடந்தபோதே ஐ.நா.வின் உள் மேற்பார்வை அலுவலகம் அதைப் பற்றி 58 உள் தணிக்கை அறிக்கைகள் எழுதியிருந்தது. அவை போனது நிர்வாகத்துக்கு மட்டும். பணத்துக்குப் பொறுப்பான உறுப்பு நாடுகளின் மேசைக்குப் போகவில்லை. 2005 ஜனவரியில் வோல்க்கர் குழு வெளியிட்ட பிறகுதான் உலகம் பார்த்தது.

இந்த ஈராக் விவகாரத்தின் விளைவாக வந்தவை மூன்று. உறுப்பு நாடு கேட்டால் உள் தணிக்கை அறிக்கையைக் கொடுக்க வேண்டும் என்று 2004 டிசம்பரில் பொதுச் சபை தீர்மானித்தது. மேலே ஐந்தாவதாகச் சொன்ன ஆலோசனைக் குழுவுக்கு 2005இல் வழி பிறந்தது. 2013 முதல் உள் தணிக்கை அறிக்கைகள் இணையத்திலேயே வரத் தொடங்கின. தணிக்கையருக்கு ஒரு அதிகாரமும் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். கடிதம் போகும் முகவரி மட்டும் மாறியது. அதுவே பெரிய மாற்றமாக இருந்தது.

குறையில்லாச் சான்று என்றால் குறையே இல்லையா?

தணிக்கையர் தரும் கருத்து நான்கு வகை: குறையில்லாச் சான்று, நிபந்தனையுடன் சான்று, எதிர்மறைக் கருத்து, கருத்துச் சொல்லவே மறுப்பது. செய்தி அறிக்கையில் 'குறையில்லாச் சான்று பெற்றது' என்று பெருமையாகப் போடுவார்கள். அதற்கு அர்த்தம், கணக்குப் புத்தகம் முக்கியமான பிழை இல்லாமல் நிலைமையைக் காட்டுகிறது என்பது மட்டும். எடுத்த முடிவு புத்திசாலித்தனமா என்று அது சொல்லாது.

ஐ.நா. திட்டச் சேவை அலுவலகம், யூ.என்.ஓ.பி.எஸ்., நல்ல உதாரணம். பிற முகமைகளுக்கு வேலை செய்து கொடுத்து வாங்கிய கட்டணத்தில் மிச்சமான பணத்தை, எளியவர்களுக்கு வீடு, காற்றாலை என்று முதலீடு செய்யப் போனது. சுமார் 6 கோடி டாலர். பெரும்பகுதி ஒரே குடும்பத்துடன் தொடர்புடைய நிறுவனங்களுக்குப் போனது. பல நாடுகளில் லட்சக்கணக்கில் வீடு என்ற அறிவிப்பில் இந்தியாவின் பெயரும் இருந்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்த தணிக்கையாளர் வாரியம், சுமார் 2.2 கோடி டாலர் திரும்பி வருவது சந்தேகம் என்பதை எழுதியது. அந்த ஆண்டும் கிடைத்தது குறையில்லாச் சான்றுதான். ஆண்டுக்கு 200 கோடி டாலருக்கு மேல் வேலை நடத்தும் அலுவலகத்தில், சந்தேகத் தொகையைச் சந்தேகத் தொகை என்று புத்தகத்தில் ஒழுங்காகக் காட்டிவிட்டால் கணக்கு சரி. வீடுகள்தான் எழும்பவில்லை. பத்திரிகைகள் அதைக் கையில் எடுத்த பிறகு, 2022 மே மாதம் தலைமை இயக்குநர் கிரேட்டே ஃபாரெமோ பதவி விலகினார்.

அதனால் ஒரு தணிக்கை அறிக்கை கையில் கிடைத்தால் முதல் பக்கத்துச் சான்றோடு நிறுத்தக் கூடாது. பார்க்க வேண்டியவை:

1. பழைய பரிந்துரைகளின் நிலை. எத்தனை நிறைவேறின, எத்தனை எத்தனை ஆண்டாகக் கிடக்கின்றன என்ற பட்டியல் பின்னிணைப்பில் இருக்கும். இரண்டு நிமிடத்தில் நிர்வாகத்தின் குணம் தெரிந்துவிடும்.
2. தள்ளுபடி செய்த தொகை, மோசடி, மோசடி என்று சந்தேகிப்பவை. இவற்றை நிர்வாகம் தணிக்கையருக்குத் தெரிவித்தாக வேண்டும். பட்டியல் ரொம்பச் சிறியதாக இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: திருட்டு இல்லை, அல்லது தேடவில்லை.
3. ஓய்வு பெற்றவர்களின் மருத்துவக் காப்பீட்டுக்கான எதிர்காலப் பொறுப்பு. பல ஐ.நா. அமைப்புகளில் இது பெரிய தொகை, முழுதாகப் பணம் ஒதுக்கப்படாதது.
4. நிபந்தனையோடு வந்த பணம். உலக சுகாதார நிறுவனத்தின் வரவில் உறுப்பு நாடுகளின் கட்டாயச் சந்தா பல ஆண்டுகளாக ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்தது. மீதி பெரும்பாலும் 'இதற்கு மட்டும்தான்' என்று கொடுப்பவர் சொல்லிக் கொடுப்பது. கையிருப்பு நிறையக் காட்டினாலும் அதைச் சம்பளத்துக்குத் திருப்ப முடியாது.

இப்போது மேசையில் இருப்பது

அமெரிக்கா 1948இல் உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்தபோதே, விலகுவதானால் ஓராண்டு முன்னறிவிப்பு கொடுப்பது, நடப்பு நிதியாண்டுச் சந்தாவை முழுதாகக் கட்டுவது என்று தன் நாடாளுமன்றத் தீர்மானத்திலேயே எழுதி வைத்தது. 2026 ஜனவரி 22 அன்று விலகல் நடைமுறைக்கு வரும்படி அறிவிப்பு கொடுத்தது. வெளியே போன உறுப்பினரின் பாக்கி 'வரவேண்டிய தொகை'யா, வராக்கடனா? வரவேண்டியது என்று வைத்தால் இருப்புநிலைக் குறிப்பு பார்க்க நன்றாக இருக்கும். வராக்கடன் என்று ஒதுக்கினால் பள்ளம் வெளியே தெரியும், அதோடு 'நீங்களே கைவிட்டுவிட்டீர்கள்' என்ற பேச்சும் வரும். எப்படிக் காட்டுவது என்று முடிவு செய்வது நிர்வாகம். அது சரிதானா என்று ஒவ்வொரு ஆண்டும் மே மாதப் பேரவைக்கு முன் கையெழுத்துப் போட வேண்டியவர், 2027ஆம் ஆண்டுக் கணக்கு வரை, டெல்லியில் இருக்கும் சி.ஏ.ஜி.